லைட் ஜெட் ஆட்-ஆன் தேறுமா? ஒரு தாள், ஒரு ஸ்டாப்வாட்ச், மூன்று பறப்புகள்

இரண்டு வருடத்துக்கு முன் என் கணினியின் விமான சிமுலேட்டருக்கு ஒரு லைட் ஜெட் ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் சின்ன ஜெட் விமானம்) வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. இருக்கைத் தோலின் தையல் நூல்கூடத் தனித்தனியாகத் தெரியும், கண்ணாடியில் மழைத்துளி வழியும், காக்பிட் அவ்வளவு அழகு. முதல் வாரம் முழுக்கப் படம் எடுப்பதிலேயே போனது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு எரிபொருள் நிரப்பி, முழு எடையில் 45,000 அடிக்கு ஏற்றினேன். பதினான்கே நிமிடத்தில் ஏறி நின்றது. மேலே போய் இரண்டு மணி நேரம் பறந்தும் தொட்டியில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அந்த அளவு விமானம் எதுவும் அப்படி ஏறாது, அவ்வளவு குறைவாகவும் குடிக்காது. படத்துக்குக் காசு கொடுத்திருக்கிறேன், விமானத்துக்குக் கொடுக்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு எந்த ஜெட் வந்தாலும் ஒரே சோதனைதான் செய்கிறேன். ஒரு தாளில் நிஜ விமானத்தின் எண்களை எழுதி, பக்கத்தில் சிமுலேட்டரில் கிடைத்ததை எழுதுவது. மொத்தம் மூன்று பறப்பு, ஒரு விடுமுறை நாள் போதும். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே சொல்கிறேன், நீங்கள் உங்கள் ஜெட்டுக்கு ஏற்ற மாதிரி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு செஸ்னா சைட்டேஷன் சிஜே4-ஐ எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இன் அடிப்படைப் பதிப்பிலேயே அது இருக்கிறது, தனிக் காசு கிடையாது. ஆரம்பத்தில் சுமாராக இருந்ததை வொர்க்கிங் டைட்டில் குழு எடுத்து, அதன் ப்ரோ லைன் 21 காக்பிட் திரைகளையும் எஃப்எம்எஸ்ஸையும் (பாதையைக் கணக்கிடும் கணினி) கிட்டத்தட்ட புதிதாக எழுதிக் கொடுத்தது. ஆகவே காசு கொடுத்து வாங்கும் எந்த லைட் ஜெட்டும் முதலில் இந்த இலவச சிஜே4-ஐ எதிலாவது மிஞ்ச வேண்டும். எதில் மிஞ்சுகிறது என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம். எக்ஸ்-பிளேன் 12 வைத்திருப்பவர்களுக்கு அதனுடனேயே வரும் சிரஸ் விஷன் ஜெட்டை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, தாள். நிஜ சிஜே4-க்கு நான் எழுதி வைத்திருப்பவை: அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 17,110 பவுண்டு. எரிபொருள் கொள்ளளவு 5,828 பவுண்டு. இரண்டு வில்லியம்ஸ் எஃப்ஜே44-4ஏ எஞ்சின், ஒவ்வொன்றும் 3,621 பவுண்டு உந்துவிசை. கடல்மட்டத்தில் முழு எடைக்கான டேக்-ஆஃப் தூரம் 3,410 அடி. 45,000 அடிக்கு நேராக ஏற சுமார் 28 நிமிடம். அதிகபட்சப் பயண வேகம் 451 நாட் (மணிக்கு 451 நாட்டிகல் மைல்). வேக எல்லை, வேகமானி காட்டும் கணக்கில் (உயரத்தில் அது நிஜ வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும்) 305 நாட், மாக் 0.77 (ஒலியின் வேகத்தில் 0.77 மடங்கு). எட்டும் தூரம் 2,165 நாட்டிகல் மைல். இதெல்லாம் தயாரிப்பாளரின் விளம்பரக் கையேட்டிலும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வெளியிடும் வகைச் சான்றிதழ்த் தரவுத்தாளிலும் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள், தரவுத்தாளில் எல்லைகள்தான் இருக்கும் (எடை, வேகம், உயரம்), எவ்வளவு வேகமாக ஏறும் என்பது இருக்காது. அதற்குக் கையேடும், நிஜ விமானிகள் காக்பிட்டில் கேமரா வைத்து எடுத்த வீடியோக்களும்தான் துணை. அப்படி ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து உயரம், மாக், எரிபொருள் ஓட்டம், வெளி வெப்பநிலை நான்கையும் குறித்துக்கொண்டால் அது தங்கம் மாதிரி.

உங்கள் ஜெட் வேறாக இருந்தால் எண்களும் வேறு. சைட்டேஷன் மஸ்டாங் என்றால் 340 நாட், 41,000 அடி. ஹோண்டாஜெட் என்றால் 43,000 அடி. விஷன் ஜெட் ஒற்றை எஞ்சின், இரண்டாம் தலைமுறை 31,000 அடி வரைதான் போகும். ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

பறப்பதற்கு முன் வானிலையைப் பூட்டுங்கள். லைவ் வெதரில் செய்த சோதனை எதற்கும் உதவாது, ஏனென்றால் பத்து டிகிரி சூடு கூடினாலே ஏறும் வேகம் விழுந்துவிடும். கடல்மட்டத்தில் 15 டிகிரி, காற்று பூஜ்யம், அழுத்தம் 29.92 அங்குலம் (பாதரசக் கணக்கு), மேகம் இல்லை. கிளம்பும் இடம் நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் டீட்டர்போரோ. கடல்மட்டத்திலிருந்து ஒன்பதே அடி உயரம், தனியார் ஜெட்டுகளுக்கென்றே பேர்போன இடம், இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் வருகிறேன்.

எடையில் முதல் வலை விரியுங்கள். தொட்டியை முழுக்க நிரப்பி எல்லா இருக்கையிலும் ஆளை உட்கார வையுங்கள். நிஜத்தில் முழு எரிபொருளோடு சிஜே4-இல் ஏறத்தாழ ஆயிரம் பவுண்டுதான் மிச்சம், அதாவது நான்கைந்து பேரும் அவர்கள் பெட்டியும். எல்லா இருக்கையும் நிரம்பியும் ஆட்-ஆன் எதுவும் சொல்லாமல் இருந்தால் விமானத்தின் காலி எடையைத் தப்பாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் எஃப்எம்எஸ்ஸில் எடைப் பக்கத்தைத் திறந்து, அது காட்டும் எடையும் சிமுலேட்டரின் எரிபொருள் பக்கம் காட்டும் எடையும் ஒன்றா என்று பாருங்கள். இந்த இரண்டும் ஒத்துப்போகாத ஆட்-ஆன்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் டேக்-ஆஃப் வேகம், தரையிறங்கும் வேகம் எல்லாமே தப்பாகத்தான் வரும்.

இப்போது எஞ்சினை அணைத்த நிலையிலிருந்து ஆரம்பியுங்கள். பேட்டரியைப் போட்டதும் வோல்ட் மீட்டரைப் பாருங்கள், ஸ்டார்ட்டரை அழுத்தும்போது முள் கீழே சாய வேண்டும், எஞ்சின் பிடித்து ஜெனரேட்டர் வந்ததும் 28 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். முதலில் உள் சுழலி சுற்றத் தொடங்கும், பிறகு எரிபொருள், உடனே வெப்பநிலை சட்டென்று மேலே போய் ஓர் உச்சியைத் தொட்டு மெதுவாக இறங்கி நிலைக்கும். அந்த உச்சியும் இறக்கமும் இல்லாமல் முள் நேராக ஏறி அப்படியே நின்றால், அது எஞ்சின் இல்லை, ஏறும் முள்ளின் படம் மட்டும்தான். ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியை மட்டும் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், அரை மணி கழித்தும் வோல்ட் இறங்காமல் இருந்தால் மின்சார அமைப்பு வெறும் ஸ்விட்ச்தான்.

டாக்ஸியில் ஒரே ஒரு விஷயம். இந்தச் சின்ன ஜெட்டுகளுக்கு ஐடிலிலேயே (த்ராட்டில் முழுக்கப் பின்னால் இருக்கும்போதே) தள்ளும் சக்தி அதிகம். பிரேக்கை விட்டால் லேசான எடையில் தானாக நகர்ந்து வேகம் பிடிக்க வேண்டும், அவ்வப்போது பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். த்ராட்டிலைப் பாதி தள்ளினால்தான் நகர்கிறது என்றால் தரை உராய்வும் ஐடில் உந்துவிசையும் சரியாக வைக்கப்படவில்லை.

டேக்-ஆஃபில் பலர் தடுமாறும் இடம் அந்த 3,410 அடி. அது சக்கரம் தரையை விடும் தூரம் அல்ல. நடுவில் ஓர் எஞ்சின் போனாலும் சமாளிக்க வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் அந்தத் தூரம் வருகிறது. ஆகவே இரண்டு எஞ்சினும் ஓடும்போது அதற்கு வெகு முன்பே எழும்பிவிட வேண்டும். டீட்டர்போரோவின் 24-ஆம் ஓடுபாதை 6,013 அடி. பாதியைத் தாண்டியும் மூக்கு தூக்க மறுத்தால் ஆட்-ஆனில் கோளாறு. த்ராட்டிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சிஜே4-இல் எஞ்சினைக் கணினிதான் கவனிக்கிறது, த்ராட்டிலில் டேக்-ஆஃப், கிளைம்ப், குரூஸ் என்று மூன்று பள்ளம். லீவரை அந்தப் பள்ளத்தில் வைத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். உங்கள் ஜாய்ஸ்டிக் லீவரில் அந்த மூன்று இடத்தையும் பொருத்த ஆட்-ஆனில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பறப்பிலும் எரிச்சல். ஃபேடெக் என்ற அந்த எஞ்சின் கணினி இல்லாத லியர்ஜெட் 35ஏ மாதிரி பழைய விமானம் என்றால் நேர் எதிர், ஏற ஏற நீங்களே என்1-ஐயும் (எஞ்சின் விசிறி சுழலும் வேகம்) வெப்பநிலையையும் பார்த்துக் கையால் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் அதன் சுகமும்.

டீட்டர்போரோவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் சொன்னேன் அல்லவா, அது ரூடி என்று பெயரிட்டு வகுத்திருக்கும் புறப்பாட்டுப் பாதை. 24-ஆம் ஓடுபாதையிலிருந்து கிளம்பினால் வென்ட்ஸ் என்ற புள்ளியை 1,500 அடியில் கடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் 2,000. மேலே நியூவார்க்குக்கு இறங்கும் பெரிய விமானங்கள். நிமிடத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல் ஏறும் வேகத்தில் இருக்கும் ஒரு ஜெட்டை, சக்கரத்தை மடக்கிய கையோடு 1,500-இல் நிறுத்த வேண்டும். நிஜ விமானிகளே இங்கே உயரத்தைத் தாண்டிவிடுவது அடிக்கடி நடந்திருக்கிறது. ஆட்-ஆனின் ஆட்டோபைலட்டுக்கு இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. உயரத்தைப் பிடிக்கும்போது மூக்கைச் சட்டென்று அமுக்குகிறதா, 200 அடி தாண்டிவிட்டுத் திரும்பி வருகிறதா, அல்லது மெதுவாக வளைந்து நிற்கிறதா என்று பாருங்கள். சிஜே4-இன் ப்ரோ லைன் காக்பிட்டில் ஆட்டோத்ராட்டில் கிடையாது, ஆகவே நீங்கள்தான் கையைப் பின்னால் இழுக்க வேண்டும், இழுக்காவிட்டால் வேகம் பறந்துவிடும். அப்படிப் பறந்தால் ஆட்-ஆன் சரி. அந்தக் காக்பிட்டோடு வரும் ஆட்-ஆன் வேகத்தைத் தானாகப் பிடித்து வைத்தால் யாரோ இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்து ஏற்றம். என் கணக்கில் மற்ற எல்லாச் சோதனையையும் விட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். முழு எடையில், 240 நாட் பிடித்து, மேலே மாக் 0.64-க்கு மாறி, 45,000 வரை ஒரே மூச்சில் ஏறுங்கள். ஒவ்வொரு 5,000 அடிக்கும் தாளில் மூன்று எண்: கடந்த நிமிடம், ஏறும் வேகம், மிச்ச எரிபொருள். 28 நிமிடத்தில் 45,000 என்றால் சராசரி நிமிடத்துக்கு 1,600 அடி. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 3,800 அடியை ஒட்டி ஏறும் விமானம் அந்தச் சராசரிக்கு வர வேண்டுமானால் கடைசி ஐயாயிரம் அடியில் சில நூறு அடி என்ற கணக்கில் மூச்சு வாங்கித்தான் ஏறும். 43,000 அடியில் முழு எடையோடு இன்னும் 2,000 அடி வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால் அந்த ஆட்-ஆனைச் செய்தவர்கள் கடல்மட்டத்தில் உந்துவிசையைச் சரி பார்த்துவிட்டு, காற்று மெலிய மெலிய அது எவ்வளவு குறைய வேண்டும் என்பதை விட்டுவிட்டார்கள். இது சின்னக் குறை அல்ல. ஏனென்றால் முழு எடையில் எந்த உயரத்துக்குப் போவது, எரிபொருள் எரிந்து லேசான பிறகு எப்போது இன்னும் மேலே ஏறுவது என்று யோசிப்பதுதான் ஜெட் ஓட்டுவதே. அந்த யோசனைக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

நான் வாங்கிய அந்த அழகான ஜெட்டின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 30,000 அடி வரை எண்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன. 35,000-இலிருந்து இடைவெளி விரிகிறது. அந்தத் தாள் இல்லாமல் காக்பிட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால் ‘நன்றாக ஏறுகிறதே’ என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

மேலே போனதும் வேகக் கணக்கு. இதற்குக் கால்குலேட்டர் போதும். வெளி வெப்பநிலையோடு 273 சேர்த்து, வர்க்கமூலம் எடுத்து, 39-ஆல் பெருக்கினால் அந்த உயரத்தில் ஒலியின் வேகம் நாட் கணக்கில் வந்துவிடும். 31,000 அடியில் நாம் பூட்டிய வானிலையில் வெப்பநிலை மைனஸ் 46. கணக்குப் போட்டால் 587 வரும், அதை 0.77-ஆல் பெருக்கினால் 452. கையேட்டில் இருக்கும் 451 இதுதான். 45,000 அடியிலோ மைனஸ் 56.5, அங்கே மாக் 0.77-க்கே 442-தான் வரும். ஆகவே 45,000-இல் 451 நாட் காட்டும் ஆட்-ஆன், எல்லையைத் தாண்டிப் பறக்கிறது அல்லது தப்பாகக் காட்டுகிறது. இந்தக் கணக்கு எந்த ஜெட்டுக்கும் பொருந்தும், எந்தக் கையேடும் வேண்டாம், இயற்பியல் மட்டும் போதும்.

எரிபொருளுக்கு அரை மணி நேரம் நிலையாகப் பறந்து தொட்டியில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள், திரையில் ஓட்டம் என்று காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், இரண்டும் ஒன்றாக இல்லாத விமானங்கள் உண்டு. சிஜே4 தன் முழுத் தூரத்தை எட்ட ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும், கையிருப்பையும் ஒதுக்க வேண்டும். ஆகவே உயரத்தில் சிக்கன வேகத்தில் சராசரி மணிக்கு ஆயிரம் பவுண்டை ஒட்டி வர வேண்டும். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். பாதியாக இருந்தால் மன்னிக்க மாட்டேன். மேலே இருக்கும்போதே கேபின் உயரத்தையும் (உள்ளே இருக்கும் காற்றழுத்தம் எந்த உயரத்துக்குச் சமம் என்பது) ஒரு பார்வை பாருங்கள், 45,000-இல் அது 8,000 அடிக்குள் இருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் காற்றை அடைத்தால் கேபின் உயரம் மெல்ல ஏறி எச்சரிக்கை அடிக்கிறதா பாருங்கள். ஆன்ட்டி-ஐஸ் (பனி படியாமல் தடுப்பது) போட்டால் எஞ்சின் எண்கள் அசைய வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் அமைப்புகளைச் செய்தவர்கள் கவனமானவர்கள் என்று நம்பலாம்.

இறக்கத்தில் ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்பது பழைய கணக்கு. 45,000-இலிருந்து 135 மைல், வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம். எஃப்எம்எஸ் காட்டும் இறங்கும் புள்ளி இதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். த்ராட்டிலை ஐடிலுக்கு இழுத்துவிட்டுப் பாதையில் இறங்கும்போது வேகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். லைட் ஜெட் வழுக்கும். கீழே இறங்குவதும் வேகம் குறைவதும் ஒன்றாக நடக்காது, ஸ்பீடு பிரேக் கேட்கும். கல் மாதிரி விழுந்தால் இழுவிசை அதிகமாக வைத்திருக்கிறார்கள். 28,000 அடியை ஒட்டி வேக எல்லைக் கோடு மாக்கிலிருந்து 305 நாட்டுக்கு மாறும், அந்தச் சிவப்புப் பட்டை இறங்க இறங்க நகர்கிறதா என்பதையும் பாருங்கள். பாதை நடுவில் ஒரு புள்ளியை நீக்கி, இன்னொன்றுக்கு நேராகப் போகச் சொல்லி, ஹோல்டிங் (வானில் சுற்றிக்கொண்டே காத்திருப்பது) ஒன்று போட்டு எஃப்எம்எஸ்ஸைக் கொஞ்சம் தொந்தரவு செய்யுங்கள். நேரான பாதையில் எல்லா எஃப்எம்எஸ்ஸும் நன்றாகத்தான் ஓடும்.

இரண்டாவது பறப்பு சின்னது: டென்வர் பக்கம் இருக்கும் சென்டென்னியலிலிருந்து ஆஸ்பென். 7,800 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவில், 8,000 அடி நீள ஓடுபாதை, செங்குத்தான இறக்கம். முழு ஃப்ளாப், ஸ்பீடு பிரேக் எல்லாம் போட்டும் வேகத்தைப் பிடிப்பது போராட்டமாக இருந்தால் அது நல்ல அறிகுறி. தரை தொட்டதும் ரிவர்ஸ் சாவியை அழுத்துங்கள். சிஜே4-க்கு ரிவர்ஸர் (உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகம் குறைக்கும் அமைப்பு) கிடையாது, எதுவும் நடக்கக் கூடாது.

மூன்றாவது பறப்பில் ஓர் எஞ்சினை டேக்-ஆஃப் ஓட்டத்தின் கடைசி வினாடியில் அணையுங்கள். மூக்கு செத்த எஞ்சின் பக்கம் திரும்ப வேண்டும், எதிர்க்கால் ரட்டர் வேண்டும், ஆனாலும் ஏற வேண்டும், மெதுவாக. எதுவுமே நடக்காதது போல் நேராகப் போனால் தாளில் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு. விஷன் ஜெட் வைத்திருப்பவர்கள் இதற்குப் பதிலாகப் பாராசூட்டை இழுத்துப் பாருங்கள், அந்த விமானத்தின் உயிரே அதுதான், அது வேலை செய்யாத விஷன் ஜெட்டுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது) விஷயம் சுருக்கமாக. ஒரே விமான நிலையம், ஒரே வானிலை, ஒரே கேமரா. முதலில் இலவச சிஜே4, பிறகு புது ஜெட், இரண்டிலும் காக்பிட்டில் உட்கார்ந்து எண்ணைக் குறியுங்கள். மூன்று நான்கு ஃபிரேம் குறைந்தால் பரவாயில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கும்போது படம் தடுக்கினால் திரைகளை எழுதிய விதம் கனமானது, அது தரையிறங்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

வாங்கும் முன் இதையெல்லாம் செய்ய முடியாதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஏற்றத்தைக் காட்டும் வீடியோ எப்படியும் கிடைக்கும். வீடியோவின் கடிகாரத்தை வைத்து 35,000-இலிருந்து 41,000 வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நேராக மேகத்துக்கு மேல் காட்டும் வீடியோவால் நமக்குப் பயனில்லை. பணம் திரும்பக் கிடைக்கும் விதியையும், கடைசி அப்டேட் எந்த மாதம் வந்தது, அதில் எதைத் திருத்தினார்கள் என்பதையும் படியுங்கள். வண்ணங்கள் மட்டும் சேர்த்த அப்டேட்டும், எஞ்சின் அட்டவணையைத் திருத்திய அப்டேட்டும் ஒன்றல்ல. சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையில் வாங்கினால் கோப்புகள் பூட்டியிருப்பதுண்டு, அப்போது அந்த எஞ்சின் அட்டவணையை நீங்களே திருத்த வழியில்லை.

தாளில் தேதியையும் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த அப்டேட் வந்ததும் மூன்று பறப்பையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை, ஏற்றத்தை மட்டும் செய்தால் போதும். நான் வாங்கிய அந்த ஜெட்டுக்கு போன வருடம் ஓர் அப்டேட் வந்தது. அன்றிரவே முழு எடையில் டீட்டர்போரோவிலிருந்து கிளம்பினேன். 45,000-ஐத் தொட்டபோது ஸ்டாப்வாட்ச்சில் இருபத்தாறு நிமிடம்.